கருப்பண்ணனோட இடது முட்டி

மணி பதினொண்ணு இருக்கும். அரியலூர்லேருந்து ரெட்டிபாளையம் போற ரோடு... பகல்ல பாத்திருப்பீங்க, சுண்ணாம்புக்கல் லாரி ஓடி ஓடி ரோடு, வேலிக்கருவை, மைல்கல்லு எல்லாமே வெள்ளையாக் கெடக்கும். ராத்திரியில அந்த வெள்ளை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். மத்ததெல்லாம் இருட்டு. அந்த ரோட்டுல ஒரு மனுசன் தனியா நடந்து போறாரு. கையில ஒரு தூக்குவாளி. மூடியைச் சுத்தி ஈரத்துணி போட்டு இறுக்கிக் கட்டிருக்கு. நடக்க நடக்க உள்ள தண்ணி தளும்புது... சளக்... சளக்... தண்ணியோட சேந்து இன்னொண்ணும் வாளியில இடிக்குது. டொக்.

உள்ள என்னன்னு கேக்காதீங்கடி. சொல்லத்தான போறேன்.

முத்தாயி, அந்த அரிக்கேன் திரியைக் கொஞ்சம் எறக்கு. கரண்டு எப்ப வரும்னு இந்தப் பெரம்பலூர்ல எவனுக்குத் தெரியும்? உண்ணாமலை, நீ ஏன்டி இப்பவே என் முதுகுல வந்து ஒட்டிக்கிற? பகல் டூட்டியில பொணத்துக்கு மூக்குல பஞ்சு வெக்கிறவ, ராத்திரியானா பாத்ரூமுக்குத் தொணை கேக்குறா. நல்ல நர்ஸு போ.

நான் ஒண்ணும் பேய் பிசாசை நம்புறவ இல்ல. இந்த வேம்பு வாயாடி, அதை நானே ஒத்துக்கறேன். ஆனா இந்த விசயத்துல ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல மாட்டேன். நடுவுல யாரும் கெக்கேபிக்கேன்னு சிரிச்சீங்க... அப்படியே வுட்டுட்டுப் போய்ப் படுத்துடுவேன், ஆமா.

ரோட்டுல போனாரே, அவரு பேரு சாமிதுரை. என்கூட ட்ரெயினிங்ல அம்சவள்ளின்னு ஒருத்தி இருந்தா, அவளுக்குச் சொந்தத் தாய்மாமன். நாங்க படிச்ச ஊர்ல மெடிக்கல் காலேஜ் இருந்துச்சு, அங்க அட்டெண்டர். எந்த ஊருன்னு கேக்காதீங்க, கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், அவ்வளவுதான். எமர்ஜென்சி முடிஞ்ச சமயம் அது.

அனாட்டமியில அவருக்கு வேலை. அங்க ஒரு நீள ஹாலு. அலமாரி அலமாரியா கண்ணாடி ஜாடி. ஜாடிக்குள்ள கையி, காதுமடல், கொடலு, கொழந்தை... எல்லாம் அழுகாம இருக்கறதுக்காக பார்மலின்ல ஊறிக்கிட்டு இருக்கும். மியூசியம்னு சொல்லுவாங்க. படிக்கிற பசங்க வந்து நின்னு நோட்டுல வரைஞ்சுக்கிட்டுப் போவாங்க. அறுத்து, தோலெடுத்து, நரம்பு நரம்பாப் பிரிச்சு, கண்ணாடித் தகட்டுல நூலால கட்டி, ஜாடியில எறக்குறது சாமிதுரை மாமா வேலை. வாத்தியார்மாரு பேரைப் போட்டுக்குவாங்க, கை என்னவோ இவரோடது. நல்ல மனுசன். அதிர்ந்து பேச மாட்டாரு. அவரு பக்கத்துல வந்தாலே நமக்குக் கண்ணு கரிக்கும். சட்டையில, முடியில, சாப்புடுற கையில எல்லாம் அந்த பார்மலின் நெடி. அவருக்கு மட்டும் ஒண்ணும் தெரியாது.

அங்க ஒரு முட்டி இருந்துச்சு. மனுச முட்டிதான்டி, கால் முட்டி. பசங்க வெளிய எடுத்து மடக்கி மடக்கிப் பாத்து அது நாரு நாராப் போச்சு. பாலசுந்தரம்னு ஒரு புரபசர். பாடம் எடுக்குறப்பெல்லாம், “என்னய்யா சாமிதுரை, இது முட்டியா முருங்கைக்காயா? ஒரு நல்ல ஜாயிண்டு பண்ணிக் குடுய்யா”ன்னு பசங்க முன்னாடியே சத்தம் போடுவாரு. மாமா என்ன பண்ணுவாரு? காலேஜுக்கு வர்றதெல்லாம் அனாதைப் பொணம். வயசான பிச்சைக்காரங்க. முட்டியெல்லாம் தேஞ்சு சொரசொரன்னு இருக்கும். எளவயசு முட்டிக்கு எங்க போறது?

வந்துச்சு. எங்கேருந்து வந்துச்சுன்னு கேளுங்க.

மாமாவுக்கு ஒரு தங்கச்சி. பேரு ஆண்டாயி. ரெட்டிபாளையத்துக்கு உள்ள தள்ளி ஒரு சின்ன ஊர்ல கட்டிக் குடுத்துருந்தாங்க. புருசன் கருப்பண்ணன் சுண்ணாம்புக்கல் குவாரியில வேலை பாத்தாரு. ஆளு தேக்கு மாதிரி இருப்பாராம். ரெண்டாவது ஷிப்டு முடிச்சு நடுராத்திரி வூட்டுக்கு வருவாரு. வந்து படியேறி, கதவைத் தட்டாம, ‘தாயி’ன்னு ஒரு கொரல் குடுப்பாராம். இவ தூங்காம அந்தக் கொரலுக்காகவே உக்காந்திருப்பா. அப்புடி ஒரு ஆசை ரெண்டு பேருக்கும். கையில ஒரு பொம்பளப் புள்ளை, அப்பத்தான் தவழ ஆரம்பிச்சிருக்கு.

ஒரு நாள் குவாரியில கல்லு உருண்டு இடது கால்ல விழுந்துடுச்சு. முட்டிக்குக் கீழ சப்பையா நசுங்கிப் போச்சு. மச்சான் வேலை பாக்குற எடமாச்சேன்னு நேரா எங்க ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டு வந்தாங்க. செப்டிக் ஆகிட்டுது. தொடையோட எடுத்தாத்தான் உசுரு தங்கும்னு சொல்லி, எடுத்துட்டாங்க.

இப்ப கேளுங்க. அவங்க வகையறாவுல ஒரு பழக்கம். வெட்டியெடுத்த கையோ காலோ, அதைத் தூக்கிப் போட மாட்டாங்க. சுடுகாட்டுல ஓரமாப் பொதைச்சு மேல ஒரு கல்லு வெச்சுடுவாங்க. அந்த ஆளு எப்பப் போறாரோ, அப்பத் தோண்டியெடுத்துக் கூடவே வெச்சுப் பொதைப்பாங்க. ஏன்னா, செத்தவங்களுக்கு ரெண்டு கால் கட்டைவிரலையும் சேத்துக் கட்டணும் இல்ல? நாமளே வார்டுல காஸ் துணியில கட்டித்தான அனுப்புறோம். எதுக்குக் கட்டுறோம்? கால் அகண்டுரும்னு சிஸ்டர் சொல்லும். ஊர்ல என்ன சொல்லுவாங்க... கட்டாம வுட்டா எந்திரிச்சு நடந்து வந்துடும்னு சொல்லுவாங்க.

அதனால ஆண்டாயி வூட்டாளுங்க காலைக் குடுங்கன்னு கேட்டு நின்னாங்க. ‘இருங்க, நான் சுத்தம் பண்ணித் துணியில கட்டித் தர்றேன்’னு சாமிதுரை மாமா உள்ள எடுத்துட்டுப் போனாரு. மேசையில வெச்சுத் துணியை வெலக்கிப் பாத்திருக்காரு. கீழ்க்கால்தான் நாசமாயிருக்கு. முட்டி... அப்புடியே இருக்கு. கல்லு தூக்கி, ஏணி ஏறி உரம் பாஞ்ச முட்டி. சவ்வு முத்து மாதிரி பளபளன்னு மின்னுது. உள்ள குறுக்க ரெண்டு நாரு ஓடும்பாரே அனாட்டமி சாரு, அது புதுக் கயிறாட்டம் இருக்கு.

மனசு அடிச்சுக்கிச்சுன்னு பின்னாடி அம்சவள்ளிகிட்ட சொல்லி அழுதாராம். தங்கச்சி புருசன் கால் ஆச்சேன்னு. ஆனா கை நிக்கல. மண்ணுல போட்டா மண்ணு திங்கப் போவுது, இங்க இருந்தா எத்தனை புள்ளைங்க படிக்கும்னு தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கிட்டாரு. முட்டியை மட்டும் தனியா எடுத்துட்டாரு. அந்த எடத்துல பஞ்சையும் பழந்துணியையும் சுருட்டி வெச்சு, மேல வெள்ளைத்துணி சுத்தி, ஊசி நூலால தெச்சு, வெளிய கொண்டாந்து குடுத்தாரு. ஆண்டாயி அதை மடியில வெச்சுக்கிட்டே ஊர் போய்ச் சேந்தா.

பாலசுந்தரம் சாருக்கு ஒரே சந்தோசம். ஜாடியைத் தூக்கி வெளிச்சத்துல காட்டி, “பாருங்கடா, இதுதான்டா முட்டி”ன்னு பாடம் எடுத்தாரு. யாரோட முட்டின்னு யாரும் கேக்கல.

கேட்டது ஒரே ஒருத்தர்தான். கருப்பண்ணனே.

ஆமாடி. கட்டையை ஊனிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் புண்ணைக் காட்ட வந்தவரு, மச்சானைப் பாத்துட்டுப் போலாம்னு மியூசியத்துக்குள்ள வந்துட்டாரு. ஒவ்வொரு ஜாடியாப் பாத்துக்கிட்டே வந்து... அந்த ஜாடி முன்னாடி நின்னுட்டாராம். நகரவே இல்ல. “மச்சான், இது யாரோடது?”

“அது... ஏதோ அனாதைப் பொணம், மாப்ள.”

“பாவம். இது இல்லாம அந்தாளு எப்புடி மச்சான் நடப்பான்?” அப்புடின்னு சொல்லிட்டு, இல்லாத காலு இருக்க வேண்டிய எடத்துல, வெறும் காத்துல, கையை வெச்சுத் தடவினாராம். “எனக்கு முட்டி போயிட்டுதுன்னு பேருதான். இந்த எடம் இன்னமும் சில்லுன்னு இருக்கு மச்சான். தண்ணிக்குள்ள வுட்ட மாதிரி. எரிச்சல் வேற... கண்ணுல மொளகாப்பொடி பட்டா எரியுமே, அப்புடி.”

வெட்டின கால் வலிக்குதுன்னு நம்ம வார்டுலயும் சொல்லுவாங்க, எனக்கும் தெரியும். ஆனா தண்ணிக்குள்ள வுட்ட மாதிரின்னு யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

அந்த மழைக்காலத்துலயே காமாலை கண்டு கருப்பண்ணன் போயிட்டாரு. சாமிதுரை மாமா எழவுக்குப் போனப்ப, பங்காளிங்க ஏற்கெனவே சுடுகாட்டுல கல்லைப் பொரட்டிக் கால் மூட்டையைத் தோண்டிக் கொண்டாந்துட்டாங்க. பிரிச்சா... தொடையெலும்பு இருக்கு, கீழ ஒடஞ்ச எலும்பு இருக்கு, பாதத்து எலும்பெல்லாம் தனித்தனியாக் கெடக்கு. நடுவுல முட்டியைக் காணோம். கருத்துப்போன துணிதான் இருக்கு. ‘நரி தின்னுருக்கும்’னாங்க. நரி திங்கிறது முட்டியை மட்டுமாடி திங்கும்? அப்ப யாருக்கும் அது ஓடல. எலும்பு விரல்ல கயிறு எங்க நிக்கும்? நல்ல கால் கட்டைவிரலை அந்த மூட்டையோட சேத்துக் கட்டிப் பொதைச்சுட்டாங்க. மாமா ஓரமா நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு.

காரியமெல்லாம் முடிஞ்சு ஒறமொறை கலைஞ்சு போச்சு. ஆண்டாயியும் புள்ளையும்தான் வூட்டுல. அப்புறம் ஊர்லேருந்து ஆளு வந்து சொல்லுது... உன் தங்கச்சி சோறு திங்கறதில்ல, ராவெல்லாம் கதவுகிட்ட உக்காந்துக்கிட்டு யார்கிட்டயோ பேசுறா, வந்து என்னன்னு பாருன்னு.

மாமா லீவு போட்டுட்டுப் போனாரு. அவங்க வூடு ஓடைக்குப் பக்கத்துல. வெள்ளம் வந்தா ஏறும்னு மேடு கட்டி ஒசத்திக் கட்டினது. கதவுக்கு முன்னாடி செங்குத்தா கல்லுப் படி. ராத்திரி புள்ளையத் தூங்க வெச்சுட்டு ரெண்டு பேரும் உள்ள உக்காந்திருந்தாங்க. ஊரே அடங்கிப் போச்சு. ரெண்டாவது ஷிப்டு வுடுற சங்கு தூரத்துல ஊதி ஓஞ்சுது. செத்த நேரம் கழிச்சு...

தொம்... சர்ர்ர்... தொம்... சர்ர்ர்...

ஒரு காலு ஊனுது. இன்னொரு காலு இழுபடுது. தெருக்கோடியிலேருந்து வருது. நாயி ஒண்ணு கூடக் கொலைக்கல. வூட்டு முன்னாடி வந்து நின்னுச்சு. அப்புறம் படிக்கல்லுல என்னவோ ஒரசுற சத்தம். ஏறப் பாக்குது... வழுக்கி எறங்குது. மறுபடி ஏறப் பாக்குது... வழுக்குது. நடுவுல மூச்சு வாங்குற சத்தம். கோழி கூவுற வரைக்கும் இதேதான்.

விடிஞ்சதும் மாமா வெளிய போய்ப் பாத்தாரு. தெருவெல்லாம் சுண்ணாம்புத் தூசி இல்ல? அதுல ஒரு வலதுகாலு தடம், பக்கத்துல நீளமா ஒரு கோடு. தடம், கோடு, தடம், கோடு... படி வரைக்கும். மொதப் படி விளிம்பு தேஞ்சு புதுசா வெள்ளை வுட்டுக் கெடக்கு. முட்டி இல்லாத காலு மடங்காது. மடங்காத காலு படி ஏறாது. ஊர்ல வேற எவனுக்கும் புரியாதது அவருக்குப் புரிஞ்சு போச்சு.

ஆண்டாயி என்ன சொன்னா தெரியுமா? “பாவம்ணே அவரு. வேலை முடிஞ்சு வூட்டுக்கு வர்ற மனுசன், தெனம் வாசலோட திரும்பிப் போறாரு. இன்னைக்கு ராத்திரி படி மேல பலகையைச் சாச்சு வெக்கப் போறேன். கதவையும் தொறந்து வுட்டுடறேன்.”

“ஏய், புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? உள்ள கொழந்தை கெடக்கு!”

“அப்பன்தான வர்றாரு. அவரு புள்ளையைத்தான பாக்க வர்றாரு? கூட்டிட்டுப் போனா நாங்க ரெண்டு பேரும் போயிட்டுப் போறோம். எனக்கு இங்க என்ன வெச்சிருக்கு?”

சொல்றப்ப அவ மொகத்துல ஒரு சிரிப்பாம். அந்தச் சிரிப்பைப் பாத்துத்தான் மாமா ஆடிப் போனாரு. அவ சொன்னாச் செய்யிறவ. “இன்னைக்கு ஒரு ராத்திரி பொறு தாயே. நான் போயிட்டு ராத்திரிக்குள்ள திரும்பி வந்துடறேன். எல்லாத்தையும் சரி பண்ணிடறேன்”னு காலைப் புடிக்காத கொறையாக் கெஞ்சினாரு. என்னத்தைச் சரி பண்ணப் போறேன்னு சொல்லல. எப்புடிடி சொல்லுவாரு? உன் புருசன் முட்டியை நான்தான் அறுத்து ஜாடியில வெச்சேன்னு தங்கச்சிகிட்ட எந்த வாயால சொல்லுவாரு?

“சங்கு ஊதுறதுக்குள்ள நீ வந்தா சரி. வராட்டி நான் பலகையைப் போட்டுடுவேன்”னுட்டா.

விழுந்தடிச்சுக்கிட்டு பஸ்ஸைப் புடிச்சு காலேஜுக்குப் போனாரு. ஹாலு காலியாகுற வரைக்கும் காத்திருந்து, ஜாடி மூடியைப் பேத்து முட்டியை எடுத்தாரு. எடுத்தவரு பேசாம ஒரு துணியில சுத்திக்கிட்டுப் போயிருக்கலாம். வேலை பாத்த கை கேக்கல பாருங்க... காஞ்சு போயிடக் கூடாதேன்னு தூக்குவாளியில பார்மலினை ஊத்தி, அதுக்குள்ள போட்டு மூடினாரு. வழியில பஸ்ஸு ரிப்பேராகி நின்னுடுச்சு. அரியலூர் வந்து சேந்தப்ப ஊருக்குப் போற கடைசி பஸ்ஸும் போயிடுச்சு. நடந்தாரு. அதுதான் நான் மொதல்ல சொன்ன ரோடு.

சளக்... சளக்... டொக்.

ஒரு எடத்துல கை வலிக்குதேன்னு வாளியைக் கீழ வெச்சிருக்காரு. தளும்பின தண்ணி அடங்கிப் போச்சு. அடங்கினதுக்கப்புறமும்... டொக். கொஞ்சம் பொறுத்து... டொக். மாமா வாளியைத் தூக்கிக்கிட்டு ஓட ஆரம்பிச்சாரு. அப்பத்தான் தூரத்துல சங்கு ஊதுது. எதுக்க ஒரு லாரி வந்து வெளிச்சம் அடிச்சுட்டுப் போச்சு. அந்த வெளிச்சத்துல ரோட்டுத் தூசியைப் பாத்தாரு. தடம், கோடு... தடம், கோடு... குவாரிப் பாதையிலேருந்து ஏறி, அவருக்கு முன்னாடி ஊரைப் பாத்துப் போயிக்கிட்டு இருக்கு. லாரி டயர்த் தடத்துக்கு மேலயே பதிஞ்சிருக்கு. இப்பத்தான் போயிருக்கு.

உண்ணாமலை, கையை எடுடி, நகம் குத்துது.

ஊருக்குள்ள போறதுக்கு முன்னாடியே சுடுகாடு. மாமா நேரா அங்க ஓடினாரு. மழையில நனைஞ்ச மேடு, மண்ணு இளக்கமா இருந்துச்சு. கையாலயும் வாளி மூடியாலயும் கால்மாட்டுல முழங்கை ஆழத்துக்குத் தோண்டிக் குழி பறிச்சாரு. முட்டியை எடுத்து உள்ள வெச்சு, “மாப்ள, உன் சொத்தைக் கொண்டாந்துட்டேன். தப்பு பண்ணிட்டேன். வாங்கிக்க... என் தங்கச்சியை வுட்டுடு மாப்ள”ன்னு அழுதுக்கிட்டே மண்ணைத் தள்ளினாரு. வாளியில மிச்சமிருந்த தண்ணியும் கொட்டிப் போச்சு. மண்ணுலேருந்து நெடி கெளம்பி ஏறுது. அத்தனை வருசத்துல மொத தடவையா மாமாவுக்குக் கண்ணு எரிஞ்சுதாம்.

அங்கேருந்து ஓடினாரு. வூட்டு வாசல்ல ஆண்டாயி நிக்கிறா. கையில பலகை. கதவு விரியத் தொறந்து கெடக்கு, உள்ள புள்ளை தூங்குது. “வந்துட்டு, திடீர்னு திரும்பிப் போயிட்டாருண்ணே. ஏன் போனாருன்னு தெரியல”ன்னு அழுவுறா. மாமாவுக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. பலகையைப் புடுங்கித் தெருவுல வீசிட்டு, அவளை உள்ள இழுத்துக் கதவைச் சாத்தித் தாப்பாளைப் போட்டாரு. “இனிமே வர மாட்டாரு தாயி. முடிஞ்சு போச்சு. நிம்மதியாத் தூங்கு”ன்னாரு.

ஆண்டாயி போய்ப் புள்ளை பக்கத்துல உக்காந்தா.

அப்புறம் தெருக்கோடியில... தொம். தொம். தொம். தொம்.

இழுக்கல. ரெண்டு காலும் ஊனி நடந்து வருது. நல்ல வாட்டசாட்டமான ஆம்பள நடை.

அப்பத்தான்டி மாமாவுக்கு ஒறைச்சுது. இத்தனை நாளா அது படி ஏறாம நின்னதே முட்டி இல்லாததாலதான். அதையும் கொண்டுபோய்க் கையில குடுத்துட்டு வந்தாச்சு.

மொதப் படி... தொம். ரெண்டாவது படி... ஏறுறப்ப ஒரு சத்தம் கேட்டுச்சாம். வெறைச்சுப் போன தோலை மடக்கினா வருமே, நறுக்குன்னு, அந்தச் சத்தம். மேல வந்துட்டுது. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு. கதவு இடுக்கு வழியா பார்மலின் நெடி குப்புன்னு உள்ள வருது. அப்புறம் மெல்லமா ஒரு கொரல்...

“தாயி.”

ஆண்டாயி எந்திரிச்சு ஓடி வர்றா. “அவருதாண்ணே! தொறண்ணே! தொற!” மாமா அவளை ஒரு கையால தள்ளி வுட்டாரு. தாப்பாளு பழைய தகரத் தாப்பாளு. வெளியிலேருந்து கதவைத் தள்ளுது. மாமா இடது முட்டியைக் கதவுல முட்டுக் குடுத்து, உசுரைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. அதுவும் அந்தப் பக்கத்துலேருந்து முட்டியைத்தான் குடுத்துத் தள்ளுது. எப்புடித் தெரியும்னா, இவரு முட்டி வெச்ச அதே எடத்துல, அதே ஒசரத்துல, பலகை வழியா ஐஸ் கணக்கா சில்லுன்னு ஏறுது. நடுவுல ஒரு விரக்கடைப் பலகை. இந்தப் பக்கம் ஒரு முட்டி, அந்தப் பக்கம் ஒரு முட்டி. பின்னாடி புள்ளை வீறிட்டு அழுவுது. ஆண்டாயி மாமா முதுகுல குத்திக்கிட்டே, ‘தொறண்ணே, தொறண்ணே’ன்னு கதறுறா. மாமா நகரல. முட்டி மரத்துப் போச்சு, அப்பவும் நகரல. கோழி கூவுச்சு. கதவுல இருந்த பாரம் பட்டுன்னு வுட்டுப் போச்சு.

அதோட சரி. அதுக்கப்புறம் அந்த வூட்டுக்கு எதுவும் வரல. ஆண்டாயி தேறி வந்துட்டா, புள்ளை இப்ப பள்ளிக்கூடம் போவுது. ஆனா அண்ணன்கிட்ட அவ அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல. ‘வூடு தேடி வந்த மனுசனைக் கதவைச் சாத்தித் தொரத்திட்டான்’னு இன்னைக்கும் சொல்றாளாம். அவ பக்கத்துலேருந்து பாத்தா அதுவும் நெசந்தான? எனக்கு ரெண்டு பேரையும் நெனைச்சாப் பாவமாத்தான் இருக்கு.

என்ன, முடிஞ்சுதான்னு பாக்குறீங்களா? உக்காருங்கடி. இதுவரைக்கும் அம்சவள்ளி சொன்னது. இனிமே சொல்லப் போறது நான் கண்ணால பாத்தது.

மறுவாரம் சாமிதுரை மாமா காலை விந்தி விந்திக்கிட்டு எங்க எலும்பு வார்டுக்கு வந்தாரு. இடது முட்டி மடங்க மாட்டேங்குது, வீங்கிக் கெடக்கு. அடிபட்ட காயம் இல்ல, காய்ச்சல் இல்ல, வலியும் இல்லைங்கறாரு. தொட்டுப் பாத்தேன்... சில்லுன்னு இருந்துச்சு. எலும்பு டாக்டர் கிருஷ்ணமூர்த்தி சாரு அமுக்கிப் பாத்துட்டு, “உள்ள தண்ணி கோத்திருக்கு, எடுத்துடலாம்”னாரு. நான்தான் ட்ரேயைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். மரத்துப்போற ஊசி போடறதுக்கு முன்னாடியே மாமா, “அதெல்லாம் வேணாம் சார், குத்துங்க”ன்னாரு. சாரு பெரிய ஊசியை எறக்கினாரு. மொகம் சுளிக்கல மனுசன்.

சீரிஞ்சுல வந்தது ரத்தமும் இல்ல, சீழும் இல்ல. தெளிஞ்ச தண்ணி. சாரு அதை ட்ரேயில பீய்ச்சினாரு... அடுத்த நிமிசம் அவரு கண்ணுலேருந்து தாரதாரையாத் தண்ணி ஊத்துது. எனக்கு மூக்கு எரிஞ்சு தொண்டையை அடைச்சுது. பக்கத்துக் கட்டில்காரங்க இருமிக்கிட்டே மொகத்தைப் பொத்திக்கிட்டாங்க. சாரு என்னைப் பாக்குறாரு, நான் சாரைப் பாக்குறேன். அந்த நெடி என்னன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.

சாமிதுரை மாமா மட்டும் கண்ணைக்கூடச் சிமிட்டல. ட்ரேயில இருந்த தண்ணியையே கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்புறம் ரொம்ப சாந்தமா, மெல்லமா சொன்னாரு...

“எடுத்ததைத் திரும்ப உள்ள ஊத்திடுங்க சார். தண்ணி கொறைஞ்சா முட்டி காஞ்சு போயிடும்.”